ஹெட்லைட் மஞ்சளாகாமல் காப்பது: ஒரு பழைய காரோடு சில வருட அனுபவம்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட்டில் ஏறிய மஞ்சளை எடுப்பது சுலபம். வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இருந்தால் போதும். எடுத்த பிறகு அதன் மேல் என்ன போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலிஷ் கடைகளில் பாதிப்பேர் இதைச் சொல்வதே இல்லை. பளபளவென்று ஆக்கிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த கோடை முடிவதற்குள் மஞ்சள் திரும்பி வந்துவிடுகிறது. என் காருக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது.

கார் 2013 மாடல் ஹேட்ச்பேக். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கூரையில்லாத பார்க்கிங். வண்டியின் மூக்கு தெற்கே பார்த்து நிற்கும். இடது பக்கம் காம்பவுண்டு சுவர், காலை வெயிலை மறைத்துவிடும். வலது ஹெட்லைட்டுக்கு மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை நேர் வெயில். முதலில் மஞ்சளானது வலது பக்கம்தான், அதிலும் மேல்வளைவு. கீழ்ப்பகுதி தெளிவாகவே இருந்தது. உப்புக்காற்று, போர் தண்ணீர், பல்ப் சூடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போர் தண்ணீர் வெள்ளைக் கறையை விடும், உண்மைதான். ஆனால் வானத்தைப் பார்த்த மேல்பாகம் மட்டும் முதலில் மஞ்சளாகிறது என்றால் காரணம் வெயில்தான்.

அம்பாசடர், பத்மினி காலத்து ஹெட்லைட்டெல்லாம் கண்ணாடி. எத்தனை வருஷமானாலும் மஞ்சளாகாது, கல் பட்டால்தான் உடையும். இப்போது வருவது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல்லடி தாங்கும், எந்த வடிவத்துக்கும் வார்க்கலாம். அதன் பலவீனம் புற ஊதாக் கதிர். அதற்காகவே கம்பெனியில் கெட்டியான ஒரு மெல்லிய பூச்சைப் போட்டு அனுப்புகிறார்கள். வெயிலிலும் புழுதியிலும் அந்தப் பூச்சு தேய்ந்து நுண்ணிய வெடிப்பு விட்டுவிட்டால், கதிர் நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்கி அதன் ரசாயனக் கட்டமைப்பையே மாற்றிவிடுகிறது. அதில் உருவாவதுதான் அந்த மஞ்சள் நிறம். பின்பக்க லைட் இந்த அளவுக்குக் கெடுவதில்லையே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் அக்ரிலிக்; வெயிலை இதைவிட நன்றாகத் தாங்கும்.

மஞ்சளை எடுக்கும் வேலை இப்படி. லைட்டைச் சுற்றி பம்பர், பானெட் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்ட வேண்டும். பேப்பர் ஒரு தடவை வழுக்கினால் பெயின்ட் போய்விடும். வாட்டர் பேப்பரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு சொட்டு ஷாம்பு சேர்த்துக்கொள்ளலாம். 800 நம்பரில் ஆரம்பித்து 1000, 1500, 2000, கடைசியாக 3000; நம்பர் கூடக்கூடப் பேப்பர் நைசாகும். ஒரு நம்பரில் குறுக்குவாட்டில் தேய்த்தால் அடுத்த நம்பரில் நெடுக்குவாட்டில். அப்போதுதான் முந்தைய பேப்பரின் கோடுகள் முழுக்கப் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வழிந்து வரும் தண்ணீரின் நிறம். ஆரம்பத்தில் மோரில் மஞ்சள்தூள் கலந்த மாதிரி வழியும். பழைய பூச்சும் கெட்டுப்போன மேல்தோலும் அதில்தான் போகிறது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் குறைந்து வெறும் வெள்ளையாக வரும். அதுவரைக்கும் 800-ஐக் கீழே வைக்கக் கூடாது. பலபேர் பாதியிலேயே அடுத்த நம்பருக்குப் போய்விடுகிறார்கள். பழைய பூச்சு திட்டுத்திட்டாக உள்ளே நின்றுவிடும், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தத் திட்டு தெரியும். 800 முடிந்ததும் லைட் முன்பைவிட மோசமாக, முழுக்க வெள்ளையாக மங்கி நிற்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். 3000 முடிந்து காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை போட்டுத் துடைத்தால் உள்ளே பல்ப் வரை தெரியும்.

டூத்பேஸ்ட் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள மெல்லிய துகள் மேலோட்டமான மங்கலைத் தேய்த்து எடுக்கும், அவ்வளவுதான். கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் நிற்காது. கொசு விரட்டி ஸ்பிரேயை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைத்து இளக்குகிறது, அதனால்தான் அந்த நிமிஷம் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் நுண்ணிய வெடிப்பு விடும். பெயின்ட் தின்னரும் அசிட்டோனும் அதே வேலையைச் செய்யும். சூடான கப்பில் மருந்து ஊற்றி ஆவி காட்டுகிற முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. அதில் பயன்படுவது டைகுளோரோமீத்தேன் மாதிரியான கரைப்பான். மூச்சில் போனால் ஆபத்து. என் வண்டிக்கு அதை நான் அனுமதிப்பதில்லை.

மேலே என்ன போடுவது என்பதைப் பார்க்க, இரண்டு பக்கமும் வேறுவேறாகச் செய்தேன். வெயில் அதிகம் வாங்கும் வலது பக்கத்துக்கு பி.பி.எஃப். என்கிற தெளிவான பாதுகாப்பு ஃபிலிம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடை ஒன்றில் ஒட்டியது. நிழல் அதிகமுள்ள இடது பக்கத்துக்கு நல்ல வாக்ஸ், மாதம் ஒரு தடவை. நியாயமாகப் பார்த்தால் இடது பக்கம்தான் நீடிக்க வேண்டும். ஆனால் ஒரே கோடையில், கத்திரி வெயில் முடிந்த கையோடு, வாக்ஸ் போட்ட பக்கத்தின் மேல்வளைவில் பால்படிந்த மாதிரி மங்கல் வந்துவிட்டது. ஃபிலிம் ஒட்டிய பக்கம் அப்படியே இருந்தது. மழைத்தண்ணீர் உருண்டோட வாக்ஸ் நல்லது. வெயிலுக்கு அது போதவே போதாது.

அதன்பிறகு இடது பக்கத்தைத் திரும்பத் தேய்த்து, பெயின்டரிடம் கொடுத்து டூ-கே கிளியர் அடித்தேன். காரின் பாடிக்குப் பெயின்டின் மேல் அடிக்கிற, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த அதே நிறமில்லாத பூச்சுதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். இதற்கு 3000 வரை தேய்த்துப் பாலிஷ் போடத் தேவையில்லை, போடவும் கூடாது. 1000 நம்பரோடு நிறுத்தினால்தான் கிளியர் பிடிக்கும். அந்த மெல்லிய கோடுகளைக் கிளியரே நிரப்பிவிடும். அடிப்பதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் முறையான மாஸ்க் இல்லாமல் வீட்டில் இதை அடிக்க வேண்டாம். பெயின்டருக்கு இது அரைமணி நேர வேலை.

சில வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் இன்றைக்குத் தெளிவாக இருக்கின்றன. குறை இல்லாமல் இல்லை. ஃபிலிமின் ஓரத்தில் புழுதி ஏறி மெல்லிய கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது, பிரஷ் வைத்தாலும் முழுக்கப் போகவில்லை. கிளியர் பக்கத்தில் கல் தெறித்த புள்ளிகள் இருக்கின்றன, பம்பரை ஒட்டிய கீழ்மூலையில் நகக்கண் அளவுக்கு உரிந்திருக்கிறது. ஃபிலிமில் கல் தெறித்த தடமே தெரியவில்லை. காசு என்று பார்த்தால் கிளியர் மலிவு. ஆனால் ஃபிலிம் கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், கிளியர் கெட்டால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். என் ஓட்டு ஃபிலிமுக்கு.

தினசரிப் பராமரிப்பில் பெரிய எதிரி காய்ந்த துணி. எங்கள் குடியிருப்பில் கார் துடைக்கும் அண்ணன் ஒரே துணியில் டயர் வரைக்கும் முடித்துவிடுவார். “அண்ணே, ஹெட்லைட்டை மட்டும் தண்ணி ஊத்திட்டு இந்தத் துணியில துடைங்க” என்று மைக்ரோஃபைபர் துணி ஒன்றைத் தனியாகக் கொடுத்தேன். “சரி சார்” என்றவர் இன்றுவரை அப்படியே செய்கிறார், அவருக்கு என் நன்றி. மழைக்காலத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி போய்வந்தால் ஈசல் அப்பிக் கிடக்கும். சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்தால் தானே வந்துவிடும். பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பி, மூக்கைக் கட்டட நிழல் பக்கம் வைத்தேன். காசு செலவில்லாத காரியம். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது, அதனால் தெற்கு பார்த்த மூக்குக்குத்தான் அடி அதிகம்.

இதை அழகு விஷயமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-ல் சோதித்துப் பார்த்தபோது, மங்கிய ஹெட்லைட் லோ பீமில் புதியது தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது. தேய்த்துச் சரிசெய்தபின் சுமார் 70 சதவீதம் திரும்பியது. குறைவது ஒரு பக்கம், சிதறுவது இன்னொரு பக்கம். வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். நல்ல லைட்டில் மேலே ஒரு கோடு வெட்டினாற்போல் விழும். மங்கிய லைட்டில் அந்தக் கோடே இருக்காது. வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த நிலையில் 60/55 வாட் எச்4 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுவது, எதிரே பைக்கில் வருகிறவருக்குச் செய்கிற கொடுமை. ஹோல்டரும் உருகும், உள்ளே ரிஃப்ளெக்டரும் கருகும்.

மங்கல் உட்புறம் இருந்தாலோ, ரிஃப்ளெக்டர் உரிந்திருந்தாலோ, பிளாஸ்டிக்கின் ஆழத்தில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். புதுப்பேட்டையில் பழையது தேடுகிறவர்கள் பின்பக்கக் காதுகள் (லைட்டை வண்டியில் மாட்டும் பிடிகள்) உடையாமல் இருக்கின்றனவா, உடைந்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். காது ஆடினால் பீம் ஒரு நாளும் நேராக நிற்காது. புது வண்டி எடுப்பவர்கள் கம்பெனிப் பூச்சு நன்றாக இருக்கும்போதே, முதல் மாதத்திலேயே ஃபிலிம் ஒட்டிவிடலாம். என் மச்சான் புதுக் காருக்கு அப்படித்தான் செய்தோம். அவருக்கும் கூரையில்லாத பார்க்கிங்தான்; இதுவரை அந்த லைட்டில் பேப்பர் வைக்க வேண்டி வரவில்லை.