14,500 ரூபாய்க்கு வந்த ‘நம்ம ஆர்மி’ பொம்மை: ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14,500 ரூபாய். படிக்கிறவர்களில் பாதிப்பேர் ‘ஒரு பொம்மைக்கா?’ என்றுதான் கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே. அப்போது அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். இப்போது வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் குடியாத்தத்துக்கு வடக்கே. சித்தூர் ரோட்டில் கொஞ்சம் போனால் ஆந்திரா வந்துவிடும். தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பட்டாளத்துப் பெட்டி இருக்கும். வேலூர் மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. என் அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்ட். 24 வருஷம் முடித்து ஹவில்தாராகப் போன வாரம் ஓய்வு பெற்று வந்தார். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து மாலை, பட்டாசு, மேளம் என்று ஊரே கூட்டி வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் கொடுக்க நினைத்த பரிசுதான் இந்தப் பொம்மை.

எனக்கு ஸ்கேல் மாடல் பைத்தியம் பதினைந்து வருஷமாக உண்டு. 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, டாங்கிகள் ஒட்டுவேன், பெயிண்ட் அடிப்பேன். அதனால் சந்தையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மாட்டினேன் என்பதுதான் எரிச்சல்.

இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் சிப்பாய் வேண்டுமா, எந்தக் கடையிலும் எடுக்கலாம். ஆனால் இன்றைய சீருடையில் ஒரு இந்தியச் சிப்பாயைத் தேடிப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் பிளாஸ்டிக் வார்க்க எஃகு அச்சு வெட்டுகின்றன. அதற்கு ஆகும் செலவை எடுக்க ஒரே அச்சை வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். 1943 சீருடை இனி மாறப்போவதில்லை, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் விற்கலாம். இன்றைய சீருடை அப்படியா? அமெரிக்க ராணுவம் 2005 வாக்கில் சாம்பல் நிற டிஜிட்டல் உடைக்கு, அதாவது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள் போட்ட உடைக்கு, மாறியது. 2015-லேயே அதற்கு மாற்று வந்துவிட்டது. 2019 செப்டம்பர் 30-க்குப் பிறகு அதைப் போடவே கூடாது என்று முடித்துவிட்டார்கள். அச்சு வெட்டியவன் போட்ட காசை எடுப்பதற்குள் சீருடை பழசாகிவிடுகிறது. நிறத்தைப் பெயிண்டில் மாற்றிக்கொள்ளலாம். காலர், பாக்கெட், ஹெல்மெட்டின் வடிவம் எல்லாம் அச்சிலேயே இருக்கிறதே, அதை என்ன செய்வது?

நம் ராணுவமும் 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் புது டிஜிட்டல் உடையைக் காட்டியது. ஆலிவும் மண் நிறமும் கலந்த புள்ளிகள். சட்டையை உள்ளே செருகாமல் வெளியே விடுகிற மாதிரி தையல். அண்ணன் கடைசியாகப் போட்டது இந்த உடைதான். இதை எந்தப் பெரிய கம்பெனியும் பொம்மையாக விற்று நான் பார்க்கவில்லை. வீட்டில் த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கும் ஆட்கள்தான் ஒன்றிரண்டு செய்து தருகிறார்கள். ‘நீயே செய்திருக்கலாமே’ என்பீர்கள். 1/35-ல் ஆள் ஐந்து சென்டிமீட்டர்தான் நிற்பான். அதில் அந்தப் புள்ளிகளை வரைய எனக்குக் கண் இல்லை, பார்க்க அண்ணனுக்கும் கண் இல்லை. 1/6 என்றால் ஒரு அடி உயரம், நிஜத் துணியில் தைத்த சட்டை. தையல் எனக்கு வராது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படமும் ரீல்ஸும் போடுகிற செயலி ஒன்றில், ‘உங்கள் வீட்டு ராணுவ வீரரை அப்படியே பொம்மையாக்கித் தருகிறோம்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் விளம்பரம். படத்தில் இருந்த பொம்மையைப் பார்த்து நிஜமாகவே அசந்துவிட்டேன். புது உடை, நிறம் சரி, சட்டை வெளியே, முழங்கையில் தூசி படிந்த மாதிரி ஒரு பூச்சு வேறு. கீழே நானே ஒரு கமெண்ட் போட்டேன்: ‘ஹெல்மெட்டுக்குப் பதில் பட்கா கிடைக்குமா? இன்சாஸ் துப்பாக்கி வருமா?’

இரண்டு நாள் கழித்து வாய்ஸ் நோட் வந்தது. இளம் குரல், நம்ம பக்கத்துத் தமிழ். “அண்ணா, பட்காவா, புது ஹெல்மெட்டா? இன்சாஸா, ஏகே-203-ஆ? எங்க சித்தப்பாவும் ஆர்மிதாண்ணா.” அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். பட்கா என்றால் நெற்றியையும் பின்தலையையும் சுற்றி வருகிற குண்டு துளைக்காத கவசம், உச்சி திறந்திருக்கும், நம் ராணுவத்தின் தனி அடையாளம். பட்கா என்ற சொல் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். நான் போட்ட கமெண்டையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறான் என்பது பணம் போன பிறகுதான் உறைத்தது.

முன்பணம் 7,000. ‘தையல் முடிந்துவிட்டது, பேக்கிங் நடக்கிறது’ என்றதும் மீதி 7,500. இரண்டும் யுபிஐயில், இரண்டும் வேறு வேறு பெயரில் இருந்த கணக்குகளுக்கு. இரண்டாவது பெயரைப் பார்த்ததும் ஒரு நொடி விரல் நின்றது. “அது எங்கம்மா அக்கவுண்ட்ணா” என்றான். அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, முப்பது சொந்தக்காரர்களுக்கு முன்னால் அண்ணனே பெட்டியைப் பிரித்தார்.

உள்ளே இருந்தவன் சாம்பல் நிறத்தில் இருந்தான். நான் மேலே சொன்னேனே, அமெரிக்கர்கள் 2019-ல் தூக்கிப்போட்ட உடை, அதே. பட்கா இல்லை. இன்சாஸ் இல்லை, ஒரு கறுப்பு அமெரிக்கத் துப்பாக்கி. ஹவில்தாருக்கு மூன்று பட்டை வேண்டும் என்று சொல்லியிருந்தேன், மூன்று பட்டை இருந்தது. ஆனால் கூம்பு மேலே பார்த்துக்கொண்டு! நம் ராணுவத்தில் பட்டை கீழ்நோக்கித்தான் இருக்கும், ஆங்கில ‘வி’ மாதிரி. மேலே பார்ப்பது அமெரிக்கப் பழக்கம். ரெஜிமெண்ட் சின்னத்தில் குறுக்கு வாள்களோடு யானை இருக்கும். அதற்குப் பதிலாக மார்பில் ஒரு தங்க நிற யானை ஸ்டிக்கர், கல்யாணப் பத்திரிகைக் கவரில் ஒட்டுவார்களே, அந்த ரகம். ஓரத்தில் பசை பிதுங்கி நூல் நூலாக இழுத்தது.

வலது தோளில் நம் கொடி ஸ்டிக்கர். அதன் மூலை லேசாகத் தூக்கியிருந்தது. அண்ணன் நகத்தால் நெருடினார். அடியில் நட்சத்திரமும் சிவப்பு வெள்ளைக் கோடும்.

அண்ணன் திட்டவில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இவன் நம்ம யூனிட் இல்லடா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 14,500 ரூபாய்.

அன்று ராத்திரியே மெசேஜ் போட்டேன். முதல் பதில்: ‘சார் அதுவும் டிஜிட்டல்தானே.’ அதுவரை அண்ணாவாக இருந்தவன் பணம் போனதும் சாராகிவிட்டேன், கவனியுங்கள். படங்களோடு விளக்கி எழுதினேன். இரண்டாவது பதில்: ‘ஆர்மி டிசைனுக்கு உரிமை இருக்கு சார், அப்படியே போட்டா கேஸ் ஆகும்.’ ராணுவம் 2022-ல் அந்த வடிவமைப்பைப் பதிவு செய்து வைத்திருப்பது உண்மைதான், செய்தியிலேயே வந்தது. அது விளம்பரப் படம் போடும்போது ஞாபகம் வரவில்லையா? மூன்றாவது பதில்: ‘அன்பாக்சிங் வீடியோ இருக்கா?’ இருந்தது, சித்தி மகன் எடுத்தது. அனுப்பினேன். ‘டேப் வெட்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும் சார், இது செல்லாது.’ நான்காவது நாள் பார்த்தால் என்னை பிளாக் செய்திருக்கிறான். அந்தச் செயலியில் புகார் கொடுத்ததற்கு, ‘எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி வந்தது. ஆள் படித்தார்களா, மெஷின் படித்ததா, தெரியவில்லை.

அந்த விளம்பரப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தனக்காகச் செய்து பல மாதங்களுக்கு முன் போட்ட படம். விற்பனைக்கே இல்லை. ஓரத்தில் இருந்த அவர் கையெழுத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறான். இந்தத் தேடலுக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. 7,000 அனுப்பும் முன் செய்திருந்தால் போதும்.

பார்சலில் சித்தூர் விலாசம் ஒன்று இருந்தது. விடுவேனா, மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனேன். அந்தக் கதவு எண்ணில் ஒரு மாவு மில். மில்லில் இருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்: “நீங்க மூணாவது ஆளு தம்பி. போன மாசம் ஒருத்தர் பலமநேர்லேருந்து வந்தாரு.” மாவு தூசியோடு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். இந்த விஷயத்தில் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

இனி ஆர்டர் போடுகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இன்றைய தேதியை எழுதிய காகிதம் ஒன்றை அதே பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். செய்தவன் அனுப்புவான். அம்மா அக்கவுண்ட், மாமா அக்கவுண்ட் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். டேப் வெட்டும் முன்பே வீடியோவை ஓட விடுங்கள். பணம் போனால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், என்னைப் போல நாலு நாள் மெசேஜ் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் பதிவு செய்திருக்கிறேன், நம்பர் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பன் தன் போனிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதே பக்கம், அதே படம். ‘ஆடி ஆஃபர், 12,999 மட்டுமே. இன்னும் 2 பீஸ்தான் இருக்கு.’ கீழே ஒரு பெண் கமெண்ட் போட்டிருக்கிறார்: ‘என் கணவருக்கு வேண்டும், பட்கா கிடைக்குமா?’