‘டபுள் சென்சார்’ ஆட்டோ டாப்-அப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

வீட்டில் மெரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி) வைத்திருப்பவர்கள், அதிலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துகொண்டு கோயம்புத்தூரில் சாமான் வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். “டபுள் சென்சார், ஆப்டிகல் பிளஸ் ஃப்ளோட், சால்ட் வாட்டர் ஸ்பெஷல்” என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு ஆட்டோ டாப்-அப் பெட்டியை 3,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். அதில் இரண்டாவது சென்சார் வெறும் பொம்மை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புதிதாக ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு 35 பிபிடியை (ஆயிரத்தில் 35 பங்கை) தாண்டி ஏறிவிடும். மலையில் இந்த வேலை இன்னும் கூடுதல். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி அறை பத்து டிகிரிக்கு இறங்கும், தொட்டியோ ஹீட்டர் புண்ணியத்தில் 26-ல் நிற்கும், தண்ணீர் மளமளவென்று குறையும். வேலைக்குப் போகிறவர் எத்தனை தடவை குவளையும் கையுமாக நிற்க முடியும்? அதற்குத்தான் இந்த மெஷின்: மட்டம் இறங்கி சென்சார் காய்ந்தால் பம்ப் ஓடி கேனில் இருந்து ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றும், சென்சார் நனைந்தால் நிற்கும்.

என் தொட்டியும், அதற்குக் கீழே கேபினெட்டில் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பும் சேர்ந்து 180 லிட்டர். ஒரு காலையில் பார்த்தால் கேபினெட்டுக்குக் கீழே தரையெல்லாம் உப்புத் தண்ணீர், பக்கத்தில் 25 லிட்டர் ஆர்.ஓ. கேன் காலி. பம்ப் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. உப்பு 31-க்கு இறங்கிவிட்டது, கேனில் இருந்தது மலைத் தண்ணீர் என்பதால் தொட்டியின் சூடும் சேர்ந்து குறைந்துவிட்டது. கிளவுன் மீன்கள் தப்பித்தன. கிளீனர் இறால் செத்தது, அது உப்பில் திடீர் மாற்றம் தாங்காத பிராணி. தண்ணீர் ஸ்பைக் பஸ்டர் வரைக்கும் போகாதது யார் செய்த புண்ணியமோ.

காரணம் தேடினேன். ஆப்டிகல் சென்சாரின் மூக்கில் ஒரு சின்ன கண்ணாடிக் கூம்பு இருக்கும். காற்றில் இருந்தால் உள்ளே விடும் இன்ஃப்ராரெட் ஒளி எதிரொளித்துத் திரும்பி வரும், தண்ணீரில் முங்கினால் ஒளி வெளியே போய்விடும். அதை வைத்துத்தான் அது ஈரமா காய்ந்ததா என்று முடிவு செய்கிறது. மூக்கில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலோ, சுண்ணாம்புப் படிவு ஏறினாலோ, ஒரு நத்தை வந்து உட்கார்ந்தாலோ முங்கியிருக்கும்போதே “காய்ந்திருக்கிறேன்” என்று சொல்லிவிடும். என்னுடையதில் வெள்ளைப் படிவு. இதற்கு நான் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், எந்த விலை சென்சாருக்கும் இது வரும். நம் ஊர்க் குளிரில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: சூடான ஆவி மூக்கில் துளியாகப் படிந்து, தண்ணீர் இறங்கிய பிறகும் “ஈரமாக இருக்கிறேன்” என்று நிற்கும், டாப்-அப் நடக்காது, சம்ப்பில் இருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் காய்ந்து ஓடும்.

ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும், அதற்குத்தானே மேலே ஃப்ளோட் ஸ்விட்ச், அதாவது தண்ணீர் ஏறினால் மிதந்து பம்ப்பை நிறுத்த வேண்டிய மிதவை? அது ஏன் நிறுத்தவில்லை? நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஆப்டிகலில் இருந்து வரும் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஒயர்கள் போர்டில் ஒழுங்காகச் சால்டர் ஆகியிருக்கின்றன. ஃப்ளோட்டில் இருந்து வரும் இரண்டு வெள்ளை ஒயர்கள் துளை வழியாக உள்ளே வந்து, ஒரு முடிச்சுப் போட்டு, டப்பாவின் ஓரத்தில் க்ளூ வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. நுனியைச் சீவக்கூட இல்லை! போர்டில் அதற்கான துளைகள் காலி. ஃப்ளோட்டின் அடியில் இருந்த இரும்பு வளையம் அதற்குள் துருப்பிடித்து, தண்ணீரில் காவி நிறம் விட ஆரம்பித்திருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கடைக்குப் போன் செய்தேன். “மலை மேல கரண்ட்டு ஏறி இறங்குதுங்ணா, அதுல போர்டு போயிருக்கும்” என்றார். ஒயரே இணைக்கவில்லையே தம்பி என்றதும், “உப்புத் தண்ணி பட்டா வாரண்டி கிடையாதுங்ணா.” சால்ட் வாட்டர் ஸ்பெஷல் என்று ஒட்டியிருக்கிறதே? “அது கம்பெனிக்காரன் ஒட்டுனதுங்ணா.” அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

ஆகவே எந்தக் கடையாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் கேளுங்கள். ஆப்டிகல் சென்சாரை வெளியே தூக்கிப் பிடித்தால் பம்ப் ஓடும், ஓட வேண்டும். அது ஓடும்போதே ஃப்ளோட்டைக் கையால் மேலே தள்ளுங்கள். அந்த நொடியே பம்ப் நிற்கவில்லை என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். முடிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பம்ப்பை ஓடவிட்டுப் பாருங்கள்; சென்சார் என்ன சொன்னாலும் சில நிமிடங்களில் தானே நின்று அலாரம் அடிக்கிற பெட்டிதான் நல்ல பெட்டி. ஃப்ளோட்டில் உலோகமே இருக்கக் கூடாது, பூட்டு வளையம் உட்பட பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

வீட்டில் கேனைச் சின்னதாக வையுங்கள், ஒன்றிரண்டு நாள் ஆவியாகும் அளவு போதும். முழுதாகக் கொட்டினாலும் சம்ப் தாங்கும். டாப்-அப் குழாயின் வாய் கேனில் உள்ள தண்ணீர் மட்டத்தை விட உயரத்தில் இருக்க வேண்டும், சம்ப் தண்ணீரிலும் முங்கக் கூடாது. இல்லையென்றால் பம்ப் நின்ற பிறகும் சைஃபன் இழுத்துக்கொண்டே இருக்கும். சென்சார் மூக்கை அவ்வப்போது வினிகரில் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். அது சரிவரவில்லை என்றால் வழக்குத்தான். கடை கோவையில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. பில் இருந்தால்தான் வேலை ஆகும். என் பில்லில் “அக்வேரியம் ஐட்டம்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஸ்டிக்கர் போட்டோவையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. நீங்கள் வாங்கும்போது மாடல் பெயரையும் “இரண்டு சென்சார்” என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.