போலந்து, ஹட்டன், மேலூர்: ஆங்கில முகாமுக்கு எங்கே போகலாம்?

மார்ச் பிறந்தால் கல்லூரித் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே கேள்வி: "அக்கா, வெளிநாட்டுல பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கேம்ப் நடத்துறாங்களாம், வாலண்டியரா போகலாமா?" தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. நான் ஒருமுறை போலந்துக்குப் போயிருக்கிறேன். என் தோழி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் போய்விட்டு வந்தாள். போன வருடம் இரண்டு பேருமாக மதுரைப் பக்கம் மேலூர் அருகே ஒரு கிராமத்தில் பத்து நாள் முகாம் நடத்தினோம். இந்த மூன்றையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

செலவில் போலந்தை அடிக்க ஆளில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் மட்டும் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். டிக்கெட் தனி. அதைவிடப் பெரிய சிக்கல் காலண்டர். அங்கே பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நமக்கு மே. ஜூலையில் இங்கே செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும், அட்டெண்டன்ஸ் போனால் போனதுதான். கொழும்புக்கு மதுரையிலிருந்தே விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான், அப்புறம் மலையேற வேண்டும். மேலூருக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் போதும்.

எந்த நாடானாலும், "டூரிஸ்ட் விசாவிலேயே வந்துடுங்க" என்று சொல்பவர்களிடம் கவனம். சம்பளமில்லா வேலைக்கு அந்த விசா செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போலீஸ் நற்சான்று கேட்காமல் பிள்ளைகளோடு தங்கவிடும் முகாமுக்கு நான் போகமாட்டேன். ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கும் நம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய்க்கு அது கிடைக்கிறது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். போலந்தில் என் பெரிய தகுதி, எனக்குப் போலிஷ் தெரியாது என்பதுதான். பந்து வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, பக்கத்துப் பையன் அடித்துவிட்டானா, எதையும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "ஐ ஹேவ் டாக்" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். கூட இருந்த உள்ளூர் டீச்சர்தான் "எ டாக்" என்று திருத்தினார். போலிஷிலும் நம் தமிழைப் போலவே 'எ', 'தி' கிடையாது. ஆசிரியைக்கும் மாணவனுக்கும் ஒரே வியாதி! மதியம் பியெரோகி போடுவார்கள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது, பார்த்தால் சோமாசி. இரண்டாம் வாரம் ஊறுகாய்க்கு ஏங்கிவிட்டேன்.

ஹட்டனில் கதை வேறு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பல குடும்பங்களின் பூட்டன்மார் 19ஆம் நூற்றாண்டில் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமிருந்து போனவர்கள். முதல் நாளே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டார்களாம். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ் தெரிந்த அக்காவிடம் எதற்கு ஆங்கிலம் பேச வேண்டும்?

மேலூரிலும் அதே இடத்தில்தான் முட்டினோம். அக்னி நட்சத்திர வெயில், சமுதாயக் கூடத்தில் ஒரே ஒரு ஃபேன், பத்தரை மணிக்குப் பாதிப் பேர் மாங்காய்க்கு ஓடிவிடுவார்கள். இருக்கிறவர்களும் "அக்கா, தமிழ்லயே சொல்லவா?" ஐந்து நாள் இப்படியே போனது. படம் காட்டினோம், பாட்டுப் பாடினோம், ம்ஹூம்.

அப்போதுதான் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் படித்தவர்கள் மதுரைக்கு வந்து, அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக்கிலும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்த வழக்கம் உண்டு. நமக்கும் தமிழ் தெரியாத ஒரு ஆள்தானே வேண்டும்? தோழியின் ஹாஸ்டலில் மிசோரம் பெண் ஒருத்தி இருந்தாள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று சொல்லி ஆறாம் நாள் கூட்டிவந்தோம்.

அதனால் என் பரிந்துரை: பாஸ்போர்ட்டும் பணமும் ஜூலையில் லீவும் சேர்ந்து அமைந்தால் போலந்து போங்கள், உங்களுக்கு நல்லது. இல்லையென்றால் கடன் வாங்க வேண்டாம், மேலூருக்கு வாங்க. ஹட்டனுக்குப் போவதென்றால் தமிழ் தெரியாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

அந்த மிசோரம் பெண் வந்த அன்று மதியம், வயல் பக்கம் படம் எடுக்கப் போனாள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, செடி மூடிக் கிடந்தது. ஐந்து நாளாக வாயே திறக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளை பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்: "அக்கா, நோ கோ! வெல்! பிக் வெல்!"