வேலைக்கு வராதவருக்கு நோட்டீஸ் செட்: இரண்டு தாள் தேறும், மூன்றாவது ஆகாது

நெல்லை கொக்கிரகுளம் பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் கிடைக்கும் மூன்று கடிதச் செட் இது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஆளுக்கு அனுப்ப ஜவுளிக்கடை, ரைஸ் மில், பட்டறைக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். பெயரும் தேதியும் நிரப்பினால் வேலை முடிந்தது என்பது கணக்கு. கடைப் பெயர் வேண்டாம், சரக்கைப் பார்ப்போம்.

முதல் கடிதம் நன்றாகவே இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, விடுப்பு கேட்டாரா, எப்போதுக்குள் வந்து சேர வேண்டும் என்று நல்ல தமிழில் கேட்கிறது. இங்கிலீஷில் அனுப்பிவிட்டு, அவருக்குப் புரிந்தது என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. உடம்பு சரியில்லையா, வேறு தடங்கலா என்று கேட்கும் வரிதான் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே துண்டிக்கப்பட்டபோது வராதவரையும், ஈஎஸ்ஐ மருத்துவச் சான்றோடு படுத்திருப்பவரையும் ஓடிப்போனவர் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த வரியைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நினைவூட்டல். முகவரிக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ரூம், நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர் என்றால் இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். கவர் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே கோப்பில் இருக்கட்டும். தலைப்பில் இன்னும் ‘பதிவுத் தபால்’ என்றே இருக்கிறது. அது 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

வில்லங்கம் மூன்றாவதில். “எட்டு நாள் வராததால் தாமாகவே வேலையை விட்டதாகக் கருதிப் பெயர் நீக்கப்படுகிறது” என்று ஒரே வரி. எட்டு எங்கிருந்து வந்தது? பழைய ‘மாதிரி நிலையாணை’யில் (தொழில் நிறுவன வேலை விதிகளுக்கு அரசு தந்த முன்வடிவம்), வாங்கிய விடுப்பு முடிந்தும் எட்டு நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாவிட்டால் வேலையில் உள்ள உரிமை போகும் என்று இருந்தது. கோயில் கொடைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனவருக்கு அது பொருந்தும். லீவே போடாமல் பத்து நாளுக்கு மேல் வராதது தனி ஒழுங்கீனம். செட் இரண்டையும் குழப்பியிருக்கிறது.

1964இல் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் வழக்கில் இந்த மாதிரி தானியங்கி நீக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் 1993இல் டி.கே. யாதவ் வழக்கில், நிலையாணையே சொன்னாலும் தொழிலாளி பேச்சைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்று ஆனது. ‘அவனா நின்னுட்டான்’ என்றால், நிற்கும் எண்ணம் அவருக்கு இருந்ததைக் காட்ட வேண்டும். அது 1979 ஜி.டி. லாட் வழக்கு.

எனவே மூன்றாவது தாளின் இடத்தில் குற்றச்சாட்டு மெமோ வர வேண்டும். பதிலுக்கு அவகாசம், பிறகு தேதியும் இடமும் குறித்த விசாரணை நோட்டீஸ். விசாரிப்பவர் இந்த விவகாரத்தில் தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். ஆள் வராவிட்டாலும் விசாரணை நடக்கலாம்; மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), கடித நகல், தபால் ரசீது, சூப்பர்வைசர் சாட்சியம் எல்லாம் பதிவாக வேண்டும். அறிக்கை நகலை அவருக்கு அனுப்பிய பிறகே உத்தரவு. ஜவுளிக்கடையும் இதிலிருந்து தப்ப முடியாது: தமிழ்நாடு கடைகள் சட்டம் 41ஆம் பிரிவில், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்கத் தக்க காரணமும், அதோடு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதென்றால் விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமாகியிருக்க வேண்டும்.

நடுவில் ஆள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று செட்டில் ஒரு வார்த்தை இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினால், வரவே இல்லை என்ற உங்கள் வாதம் அங்கேயே செத்தது. உள்ளே கூப்பிட்டு விளக்கத்தை எழுதி வாங்குங்கள். வேலையில் சேர்த்துக்கொண்டும் விசாரணையைத் தொடரலாம்.

செட்டின் கடைசி வரியில் சம்பள பாக்கி கிடையாது என்று வேறு அடித்திருக்கிறார்கள். பார்த்த நாளுக்கான கூலியை நிறுத்த வழியில்லை. வராமையைக் காட்டிப் பணிக்கொடையைப் (கிராஜுவிட்டி) பிடிக்கவும் முடியாது. அடிக்குறிப்பில் இருப்பது 1946 நிலையாணைச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, நிலையாணை விதிகளும் இப்போது 300 பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான்.

முதல் இரண்டு தாளை மட்டும் கேட்டு வாங்குங்கள். செட்டாகத்தான் தருவேன் என்றால், மூன்றாவதின் பின்பக்கம் தபால் ரசீது ஒட்ட ஆகும்.