டப்பாவில் செராமிக், சக்கரத்தில் கரி

அலாய் வீல் கறுத்துப்போகிறதே என்று பிரேக் பேடு மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நானும் அதற்காகத்தான் போனேன். கிடைத்தது போலிப் பேடு. கறுப்பு போகவில்லை. போதாக்குறைக்கு இரண்டு மாதத்தில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையும் (பேடு அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது அதைத்தான்) மாற்றச் சொன்னார்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வித்தை வேறு பெயர்ப் பலகைக்குக் கீழும் நடக்கும். என்ன செய்தார்கள், நான் எங்கே கோட்டை விட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குக் கார் சுத்தமாக இருக்க வேண்டும். அதிலும் வீல். ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவினால் புதன்கிழமை முன் சக்கரம் இரண்டும் அடுப்புக்குள்ளிருந்து எடுத்ததுபோல் இருக்கும். பின் சக்கரங்களில் அவ்வளவு இல்லை. அது இயல்புதான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே. ஆனால் முன்னால் உள்ள இரண்டிலும் இடது பக்கம் வலதைவிட எப்போதும் ஒரு மடங்கு கூடுதலாகக் கறுத்திருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. அன்றே யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

அந்தக் கறுப்புத் தூள் பேடிலிருந்து மட்டும் வருவதில்லை. பேடு தேயும்போது வார்ப்பிரும்பு டிஸ்க்கும் சேர்ந்து தேய்கிறது. லோ மெட்டாலிக், செமி மெட்டாலிக் வகைப் பேடுகளில் உலோக நாரும் தூளும் கலந்திருக்கும். அவை டிஸ்க்கைச் சுரண்டிப் பிடிப்பவை. நன்றாகப் பிடிக்கும், சூட்டைத் தாங்கும், ஆனால் தூள் கொட்டும். சூடான இரும்புத் துகள் வீலின் பூச்சில் ஒட்டி, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, ஆரஞ்சுப் புள்ளியாக உட்கார்ந்துவிட்டால் சோப்பு நீரில் போகாது. செராமிக் என்று விற்கப்படும் பேடில் சுரண்டல் குறைவு. தன் பொருளையே மெல்லிய படலமாக டிஸ்க்கில் பூசி, அந்தப் படலத்தின் மேல் உராய்ந்து பிடிக்கிற வேலை அதில் அதிகம். டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்பு குறைவதால் தூளும் குறையும், நிறமும் வெளிர் சாம்பலாக இருக்கும். இவ்வளவையும் படித்துவிட்டு, விஷயம் தெரிந்தவன் என்ற தெம்போடுதான் போனேன். அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது.

“தூசி வராத செராமிக் பேடு வேணும்” என்றேன். இதைவிட மோசமாக ஒரு வாடிக்கையாளர் வாயைத் திறக்க முடியாது. என்ன குறை என்று சொல்லாமல், என்ன மருந்து வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்தது. “சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க சார். இருக்கிறதிலேயே இதுதான் டாப்” என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மேலே பெரிய எழுத்தில் செராமிக், மூலையில் மூன்று இலைப் படம். “இலை பாத்தீங்களா? தூசியே கிடையாதுன்னு அர்த்தம்.”

அர்த்தம் அதுவல்ல. மூன்று இலை என்றால் அந்தப் பேடில் செம்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பேடிலிருந்து உதிரும் செம்பு மழைநீரோடு ஓடைகளில் கலந்து மீன்களுக்குக் கேடாகிறது என்று அமெரிக்காவில் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் சட்டம் போட்டன. அதையொட்டி வந்த அடையாளம் அது. வீல் கறுக்குமா கறுக்காதா என்பதற்கும் இலைக்கும் சம்பந்தம் கிடையாது. அன்று எனக்கு இது தெரியாது. தலையாட்டினேன்.

“உள்ளே பசங்க மாட்டிடுவாங்க, நீங்க ஏசியில உட்காருங்க” என்றார்கள். உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக ஒன்று மட்டும் தெரிந்தது: வீலைக் கழற்றிய பையன், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைக் காற்றுக் குழாயால் ஊதினான், கறுப்புப் புகையாகக் கிளம்பியது, அவன் முகத்தில் ஒரு துணிகூட இல்லை. பிரேக் தூசியை ஊதவே கூடாது. ஈரத்தில் கழுவித் துடைக்க வேண்டும். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்துப் பாடம் இது, இன்றைய பேடுக்கும் பொருந்தும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த யூரோ 7 விதி, புகையோடு நிற்காமல் பிரேக் துகளுக்கும் கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. நான் வீல் அழகைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்தப் பையன் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய பேடு எங்கே என்று கேட்டேன். “குப்பையில போட்டாச்சு சார், கையெல்லாம் கரியாகும்.” அதற்குப் பதிலாக வெறும் டப்பாவை என் கையில் கொடுத்தார்கள். “வாரண்டிக்கு வெச்சுக்கங்க.” டிக்கியில் போட்டேன். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அந்த டப்பாவைக் கொடுத்ததுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் கறுப்பு குறைந்ததுபோல் ஒரு பிரமை. இரண்டாவது வாரம் பழைய நிலை. மூன்றாவது வாரம் பழையதைவிட மோசம். மெதுவாக நிறுத்தும்போது கிறீச் என்று ஒரு சத்தம். வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. திரும்பிப் போனேன். அதே மனிதர், அதே மலர்ந்த முகம். “புது பேடு செட்டாகும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.” ஓடியது. நடுக்கம் கூடியது. மறுபடி போனேன். இந்த முறை வண்டியை ஜாக்கியில்கூட ஏற்றவில்லை. “டிஸ்க் வளைஞ்சிருச்சு. ரெண்டையும் மாத்தணும். உங்க பேடு நல்ல பேடு, டிஸ்க்தான் தாங்கல.” கூடவே, தூசி வீலுக்கு வராமல் தடுக்கும் வட்டத் தகடு ஒன்றும் இருக்கிறது, போட்டுவிடலாமா என்றார். டிஸ்க்குக்கும் வீலுக்கும் நடுவே அடைப்பு வைத்தால் டிஸ்க்குக்குக் காற்று எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்வியாவது எனக்கு அன்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்து ஒரு பெரியவரிடம் போனேன். சிறிய பட்டறை, ஏசி கிடையாது. அவர் முதலில் கேட்டது பேடைப் பற்றியே அல்ல. “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுக்குதா தம்பி?” இல்லை, இடது பக்கம் அதிகம் என்றேன். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் கையை ஒவ்வொரு முன் வீலுக்கும் அருகில், தொடாமல், கொண்டுபோனார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இடது பக்கம் அனல் அடித்தது.

வீலைக் கழற்றினார். காலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடர் பின்களில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பேடைத் தள்ள, காலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுக்க வேண்டும். பின் இறுகினால் அது சரியாக நகராது, பிரேக்கை விட்டாலும் முழுதாக விலகாது. பேடு நாள் முழுக்க டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம்கூட ஆகாத பேடில் உள்பக்கம் வெளிப்பக்கத்தில் பாதிதான் மிச்சம், அதுவும் ஆப்பு மாதிரிச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. என் வீல் கறுத்ததற்குப் பாதிக் காரணம் இது. பேடு மாற்றியவன் கண்ணில் இது படாமல் இருக்க வழியே இல்லை. காலிப்பரைத் திறக்காமல் பேடை மாட்ட முடியாது. பார்த்திருக்கிறான், அப்படியே மூடியிருக்கிறான்.

மீதிப் பாதி பேடிலேயே இருந்தது. டப்பாவைக் கேட்டார், டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டப்பாவில் இருந்த எண்ணுக்கும் பேடின் இரும்புத் தகட்டில் குத்தியிருந்த எண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. செராமிக் என்ற ஸ்டிக்கரை நகத்தால் கீறினார், அடியில் வேறொரு லேபிள் வந்தது. பேடின் தேயும் பகுதியை வெயிலில் சாய்த்துக் காட்டினார்; இரும்பு நார் மினுமினுத்தது. செராமிக் எதுவும் இல்லை, மட்டமான செமி மெட்டாலிக்.

பேடின் ஓரத்தைப் படிக்க அவர்தான் கற்றுக் கொடுத்தார். ஒழுங்கான பேடில் தயாரிப்பாளரின் குறியீடு, கலவை எண், அதையடுத்து இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே866 முறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. வண்டியோடு வந்த பேடில் எஃப்எஃப் இருந்து, தூசி குறைவு என்று யாராவது ஈஈ மாட்டினால், வீல் பளபளக்கும், பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். நான் தூசியைப் பற்றி மட்டுமே கேட்டேன், பிரேக் பிடிக்குமா என்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் பெற்றதாக இருந்தால் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் எண்ணும், 90ஆர் என்ற குறியும் இருக்கும். என் பேடின் ஓரத்தில் எதுவுமே இல்லை. மொட்டை.

சிலர் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். பேடின் பின்தகடு இரும்பு, தூளில் டிஸ்க்கின் இரும்பு. எந்தப் பேடு என்றாலும் காந்தம் எதையாவது பிடிக்கும்.

சரி, வளைந்துபோன டிஸ்க்? மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். அதைவிட நன்றாகவே மிச்சம் இருந்தது. வளைவு என்று சொல்லி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பல வளைந்தவையே அல்ல. பேடின் பொருள் அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டியோ, மேற்பரப்பு ஏறுமாறாகத் தேய்ந்தோ பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் உதறும். பழைய பேடின் படலம் இருந்த டிஸ்க்கில், சுத்தம்கூடச் செய்யாமல் வேறு கலவைப் பேடை மாட்டி, நேராக நெரிசலுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். லேத்தில் லேசாக ஒரு சீவு சீவினார், போதுமாக இருந்தது.

பின்களைக் கழற்றித் துடைத்து, புது ரப்பர் உறை போட்டு, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் வைத்தார். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் வைத்தால் அந்த ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகிவிடும். இந்த முறை அசல் செராமிக். புதுப் பேடை என் எதிரிலேயே டப்பாவிலிருந்து எடுத்து, ஓரத்து எழுத்தைக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வைத்தார். அப்புறம் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டு பத்து முறை பதமாகப் பிரேக் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடச் சொன்னார். படலம் சீராகப் படிவதற்கு இது. டப்பாவோடு வரும் தாளில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இப்போது தூசியே இல்லையா? இருக்கிறது. சாம்பல் நிறத்தில், மெல்லியதாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீல் ஆறிய பிறகு வெறும் ஷாம்பு நீரில் கழுவினால் போகிறது. பழைய ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு மட்டும் இரும்பைக் கரைக்கும் திரவம் அடித்தேன், ஊதா நிறமாக வழிந்து இறங்கியது. அமிலம் கலந்த கிளீனரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், வீலின் பூச்சையே தின்றுவிடும். காலையில் முதல் பிரேக் முன்பைவிடக் கொஞ்சம் மென்மையாகப் பிடிக்கிறது, பழகிவிட்டது. மலைப் பாதையில் பாரம் ஏற்றி ஓட்டுகிறவராக இருந்தால் நான் இந்தப் பேடையே போட்டிருக்க மாட்டேன், வீலைத் துடைத்துவிட்டுப் போயிருப்பேன்.

தேய்ந்த போலிப் பேடுகளை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். இந்த முறை முகம் மலரவில்லை. “இது எங்க பேடே இல்ல சார், வேற எங்கயோ மாத்தியிருக்கீங்க.” டப்பாவைக் காட்டினேன். “டப்பா எங்களுதுதான். பேடு எங்களுது இல்ல.” உண்மையைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பில்லில் ‘பேடு செட்’ என்று மட்டும் இருந்தது, எண் இல்லை, கலவை இல்லை; வாதாட என்னிடம் எதுவும் இல்லை. காசு வரவில்லை. டப்பா இன்னும் டிக்கியில் கிடக்கிறது. பஞ்சர் ஒட்டும் சாமான்களை அதில் போட்டு வைத்திருக்கிறேன், அளவு கச்சிதமாக இருக்கிறது.