கண்ணாடியைக் கொத்தும் குருவி: திரையா, ஸ்டிக்கரா, வலையா?

மாசியில் மாம்பிஞ்சு பிடிக்கத் தொடங்கும்போதே கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வீடுகளில் இந்தத் தொல்லையும் தொடங்கிவிடும். விடிந்தும் விடியாமலும் ஜன்னல் கண்ணாடியில் டக், டக், டக். எழுந்துபோய் விரட்டினால் பறந்துவிடும். வந்து படுப்பதற்குள் மறுபடி டக். ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். திரை போடு, பேப்பர் ஒட்டு, சிடி கட்டு, வலை அடி, பருந்து ஸ்டிக்கர் வாங்கு. எது நிற்கும், எது வீண் செலவு என்று பார்த்துவிடலாம்.

முதலில் பறவை எதற்காக வருகிறது என்று தெரிய வேண்டும். காரணம் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே தடுப்பைப் போட்டுவிட்டு "எதுவும் வேலைக்கு ஆகலை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது எல்லைச் சண்டை. கூடு கட்டும் காலத்தில் ஆண் பறவை தன் எல்லைக்குள் அதே இனத்து இன்னொரு ஆணை விடாது. கண்ணாடியில் தெரிவது தானேதான் என்று அதற்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிவது தானே என்று புரிகிறதா எனப் பார்க்கும் சோதனையில் தேறிய பறவை என்று பெயர் வாங்கியது, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பாவின் மேக்பை. அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நம் ஊர்க் கருஞ்சிட்டு, குண்டுகரிச்சான், தேன்சிட்டு, கொண்டைக்குருவி, வெண்புருவ வாலாட்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பிம்பம் எதிரிதான். நிஜ எதிரியாக இருந்தால் இரண்டு விரட்டலில் ஒன்று அது ஓடும், இல்லை இது ஓடும். பிம்பம் ஓடாது. இது கொத்தினால் அதுவும் கொத்தும், இது முறைத்தால் அதுவும் முறைக்கும். அதனால்தான் சண்டை நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் நீள்கிறது.

எங்கள் தெருவில் ஒரு கருஞ்சிட்டு செய்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். கிரில் கம்பியில் வந்து உட்காரும். வாலை முதுகுக்கு மேல் தூக்கும். வாலடியில் உள்ள செம்பழுப்பு பளிச்சென்று தெரியும். தோளில் உள்ள வெள்ளைப் பட்டை தெரிய சிறகை லேசாக விரித்து, ஒரு சீட்டி அடித்துவிட்டு, இரண்டு காலையும் முன்னே நீட்டிக் கண்ணாடியில் பாயும். வழுக்கிச் சன்னல் திண்டில் விழும். அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கும். திரும்பக் கம்பிக்குப் போகும். கண்ணாடியில் எச்சில் புள்ளிகளும் நகக் கீறல் போன்ற மங்கல் கோடுகளும் ஒரே இடத்தில் அடுக்கடுக்காக இருக்கும். அந்த நேரமெல்லாம் அது இரை தேடவில்லை, கூட்டைக் காக்கவில்லை. கருஞ்சிட்டில் அடைகாப்பது பெட்டை. குஞ்சு பொரித்தபின் இரை ஊட்ட ஆணும் வேண்டும். பிம்பத்தோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு காலையும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்தான். நமக்குத் தூக்கம் கெடுவது அதற்கு அடுத்த விஷயம்.

இரண்டாவது காரணம் தீனி. இரவில் விளக்கு எரிந்த ஜன்னலின் சட்டத்திலும் மூலையிலும் பூச்சியும் சிலந்தியும் ஒட்டிக்கிடக்கும். அதைப் பொறுக்க வரும் பறவை ஒரே இடத்தில் பாயாது. சட்டத்தை ஒட்டி நகர்ந்துகொண்டே கொத்தும். ஒட்டடை அடித்து, ராத்திரி அந்த விளக்கை அணைத்துவைத்தால் போதும், காசு செலவில்லை. காக்கைக்குத் தினம் சோறு வைக்கும் வீடுகளில் அது நேரத்துக்கு வந்து கண்ணாடியைத் தட்டுவதும் உண்டு. அது சண்டையல்ல, சோறு கேட்பது.

மூன்றாவது மோதல். இதைக் கொத்துவதோடு சேர்க்கவே கூடாது. பறக்கும் வேகத்தில், கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிஜம் என்று நம்பி நேராக வந்து இடிக்கும் பறவை ஒரே இடியில் செத்துப்போகலாம். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் சாகின்றன என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து நம் பக்கம் வலசை வரும் ஆறுமணிக்குருவி சுவரோரம் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். மோதிய இடத்தில் சிறகுத்தூள் படிந்த தடம் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "அண்ணா, குருவி வந்து கதவைக் கொத்துனா வீட்டுக்கு ஆகாதுங்கறாங்களே?" அப்படி எதுவும் இல்லைங்க. உங்கள் வீட்டைச் சுற்றி அது குடும்பம் நடத்த இடம் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, தடுப்புகளுக்கு வருவோம்.

உள்பக்கத் திரையும் வெளிப்பக்க மறைப்பும்தான் முதல் போட்டி. கையருகில் இருப்பது திரை என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் இழுத்துவிடுகிறார்கள். ஆனால் பிம்பம் உண்டாவது கண்ணாடியின் முகத்தில். சாதாரண வெள்ளைக் கண்ணாடி, விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டறை என்றால் அந்த 8 சதவீதமே உள்ளிருந்து வரும் வெளிச்சத்தைவிட அதிகம்; கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. உள்ளே அடர்நிறத் திரையைப் போட்டால் பின்புலம் இன்னும் இருட்டாகும், பிம்பம் இன்னும் தெளியும். வெள்ளைத் திரையைக் கண்ணாடியை ஒட்டிவிட்டால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இரவில் அறையில் விளக்கு எரியும்போது வெளியிலிருந்து பார்த்தால் பிம்பம் தெரியாததற்கும் இதே கணக்குதான் காரணம். ஆகவே எதைச் செய்தாலும் வெளிப்பக்கம் செய்ய வேண்டும்.

வெளிப்பக்க மறைப்பில் மலிவானது பழைய செய்தித்தாள். ஒட்டிய அன்றே சண்டை நிற்கும், ஏனென்றால் எதிரி காணாமல் போய்விட்டான். ஒரு கோடை மழை வந்தால் தாள் கூழாகிவிடும், அறையும் இருட்டு. துணி சோப்பை ஈரக்கையோடு வெளிக்கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துவிடுவது அதைவிட நல்லது. வெளிச்சம் வரும், பிம்பம் கலங்கிவிடும். இதுவும் மழைக்குப் பிறகு திரும்பப் பூச வேண்டியதுதான், ஆனால் இரண்டு நிமிட வேலை. சுண்ணாம்பு அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம், கறை பிடித்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

என் தேர்வு வலை. அதுவும் எந்த வலை என்பது முக்கியம். பட்டுப்புழு மனைகளில் புழுவைத் தாக்கும் ஊஜி ஈ நுழையாமல் இருக்க ஜன்னலுக்கு அடிக்கும் பொடிக்கண் நைலான் வலை இந்த இரண்டு மாவட்டங்களிலும் பழக்கமான பொருள். நாற்றுப் பண்ணைகளில் போடும் நிழல்வலையும் சரியாக வரும். இரண்டிலுமே கண் பொடியாக இருப்பதால் பறவையின் கால் சிக்காது. அணைப்பக்க ஊர்களில் கிடைக்கும் பழைய மீன்வலையை மட்டும் கட்டாதீர்கள். அந்த மெல்லிய நரம்பு பறவையின் காலிலும் சிறகிலும் சுற்றிக்கொள்ளும். ஓணானும் சாரைப்பாம்பும்கூட மாட்டிச் சாகும். குருவியைக் காப்பாற்றப் போய் அதைத் தூக்கில் போட்ட கதையாகிவிடும்.

வலையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தால் பாதிப் பலன்தான். சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, கீழே ஒரு ரீப்பர் கட்டையைக் கட்டி இழுவையாக நிறுத்துங்கள். கண்ணாடிக்கும் வலைக்கும் ஓர் அடியாவது இடைவெளி கிடைக்கும். கண்ணாடிமேல் விழும் வெளிச்சமும் குறையும், பிம்பம் தெரிந்தாலும் பறவையால் அதை எட்ட முடியாது, உட்காரத் திண்டும் கிடைக்காது. வெளிப்பக்கம் திறக்கும் பழைய மரக்கதவு ஜன்னல் என்றால் அந்த ஒரு கதவை மட்டும் சீசன் முடியும்வரை சாத்தியே வைக்க வேண்டியிருக்கும். வலைக்கு உள்ள ஒரே அசௌகரியம் அது. யூபிவிசி சறுக்கு ஜன்னலில் கொசுவலைக் கதவு வெளித்தடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பறவை கொத்தும் கண்ணாடிக்கு முன்னால் அதைத் தள்ளிவிட்டாலே வேலை முடிந்தது.

பருந்து ஸ்டிக்கர் வாங்கலாமா என்று கேட்டால், கொத்தலுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஸ்டிக்கருக்கு இரண்டு அங்குலம் தள்ளித் தன் எதிரி தெரியும்போது பறவை அங்கே கொத்தும். பிளாஸ்டிக் ஆந்தைக்கும் இதே நிலைமை. அசையாத ஆந்தையைப் பறவை சீக்கிரம் கண்டுகொள்கிறது. ராகிக் கொல்லையில் கட்டும் பளபளா ரிப்பனும் பழைய சிடியும் காற்றில் ஆடுவதால் சில நாள் மிரட்டும், அப்புறம் பழகிவிடும். சிடியே ஒரு கண்ணாடி என்பதையும் யோசியுங்கள். பட்டாசு, உண்டிவில் பற்றிப் பேச்சே வேண்டாம். கூட்டைக் கலைத்தால் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது.

பைக், கார் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொத்தும் தவிட்டுக்குருவிக்கும் சிட்டுக்குருவிக்கும் ஆராய்ச்சி தேவையில்லை. வண்டியை நிறுத்தியதும் பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் பிலிம்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெயிலுக்கு ஒட்டும் வெள்ளி நிறச் சன் பிலிம் வெளியிலிருந்து பார்க்க முழுக் கண்ணாடி. கொத்தலையும் மோதலையும் இரண்டையும் கூட்டும். பிளெக்ஸ் கடையில் பஸ் கண்ணாடி விளம்பரத்துக்கு அடிக்கும் துளை போட்ட ஒன்வே விஷன் ஸ்டிக்கர் வேறு. அது வெளிப்பக்கம் ஒட்டுவது, பளபளப்பு இல்லாதது, உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும். வலையைவிடச் செலவு அதிகம். ஆனால் சன்ஷேடு இல்லாத மாடி ஜன்னலுக்கும் வாடகை வீட்டுக்கும் ஆணி அடிக்காமல் முடிக்க இதுதான் வழி. கொத்தல், மோதல் இரண்டுக்கும் ஒரே பொருள் வேண்டும் என்றாலும் இதையே சொல்வேன்.

மோதலுக்கு மட்டும் என்றால் கண்ணாடி முழுக்க மறைய வேண்டியதில்லை. "இதற்குள் நுழைய முடியாது" என்று பறவைக்குத் தெரிந்தால் போதும். வெளிக்கண்ணாடி முழுவதும் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிக்கோலம் மாதிரி வரிசையாகப் புள்ளி வையுங்கள். அல்லது மேலே ஒரு கட்டையில் நைலான் கயிறுகளை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அதைச் சுற்றி வந்து இடிக்கும். இதே கயிறு கொத்தலுக்கு உதவாது. கயிறுகளுக்கு நடுவே எதிரி தெரிந்துகொண்டேதான் இருப்பான். தடுப்புகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

காலக்கணக்கிலும் வித்தியாசம் உண்டு. கொத்தலுக்குப் போட்ட வலையைக் கூடு கட்டும் காலம் முடிந்து பறவை அந்தப் பக்கம் வராமல் போனதும் கழற்றிவிடலாம். மோதல் தடுப்பு ஆண்டு முழுக்க இருக்க வேண்டும், வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் கட்டாயம்.

புது வீடு கட்டுகிறவர்கள் முதலிலேயே யோசித்தால் இதெல்லாம் மிச்சம். முகப்புக்கு ஓசூர் கம்பெனிக் கட்டடங்கள் போல நீலப் பிரதிபலிப்புக் கண்ணாடி வேண்டும் என்று கேட்பதை விட்டுவிடலாம். பெரிய கண்ணாடிக்கு நேர் எதிரே மரம் இருந்தால் இன்னும் ஆபத்து. இன்னொன்றை நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. முகப்பில் பதிக்கும் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டும் கண்ணாடிதான். வெயிலில் ஆள் முகமே தெரியும். அதே கல்லைப் பளபளப்பு இல்லாத லெதர் பினிஷில் கேட்டால் பட்டறையில் செய்து தருவார்கள். பிம்பம் விழாது, பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

கண்ணாடியில் இடித்து விழுந்த பறவை கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, பூனை எட்டாத இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடி இல்லாத, மரம் இருக்கிற பக்கம் பெட்டியைத் திறந்து வையுங்கள். பறக்கவில்லை, அல்லது சிறகு தொங்குகிறது என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போய், வனத்துறைக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.