ரிச்சி தெருவில் எல்.ஓ.டி. விற்கும் பாய் கடை: லேசர் செய்யப் போன அனுபவம்

எல்.ஓ.டி. என்பது பழைய டிவியில் பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தருகிற டிரான்ஸ்பார்மர். அதை விற்கிற கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை. சென்னை ரிச்சி தெருவில் பழைய டிவி சாமான் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால் கை காட்டுகிற இரண்டு மூன்று கடைகளில் அதுவும் ஒன்று. மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். லேசர் பற்றிப் பேச்சு வந்தால் ரூபி தண்டையும் ஹீலியம்-நியான் குழாயையும் கரும்பலகையில் வரைந்துவிட்டுப் போவேன். இந்த மே விடுமுறையில் ஒன்றைக் கையால் செய்தே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். எடுத்துக்கொண்டது நைட்ரஜன் லேசர். 1963-இலேயே வந்துவிட்ட வகை. அதில் வெளிக்காற்றிலேயே இயங்குகிற அமைப்பும் ஒன்று உண்டு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே. அதன் ஊடே சில நானோநொடிக்குள் மின்சாரத்தைப் பாய்ச்ச முடிந்தால் 337.1 நானோமீட்டரில் புற ஊதாக் கற்றை கிளம்பும். கண்ணாடிக் குழாய் தேவையில்லை, வெற்றிடம் தேவையில்லை, ஆடிகள்கூடத் தேவையில்லை. சமையலறை அலுமினியத் தாள், ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள், ஜன்னல் வேலை செய்கிற கடையில் வாங்கிய அரை இன்ச் அலுமினிய ஆங்கிள் இரண்டு துண்டு. இவ்வளவும் உள்ளூரிலேயே கிடைத்துவிட்டது. கிடைக்காதது எட்டு, பத்து கிலோவோல்ட் மின்சாரம்.

அதற்கு முதலில் இணையத்தில் ஒரு சின்ன மாட்யூல் வாங்கினேன். கட்டைவிரல் அளவு கறுப்பு உருளை. லட்சக்கணக்கில் வோல்ட் என்று போட்டிருந்தார்கள். அது விட்டுவிட்டுத் துடிப்பாகத் தருகிற வகை, மின்னூட்டத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரை நிதானமாக நிரப்ப ஆகாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் ஓடியது, சூடேறியது, அதோடு சரி. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை.

அப்புறம்தான் பாய் கடை. "கலர் டிவி எல்.ஓ.டி. வேணும்" என்றதும், "எந்த மாடல் டிவிக்கு?" என்றார். டிவிக்கு இல்லை, லேசருக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. "லேசர் எனக்குத் தெரியாது டீச்சர். உங்களுக்கு எவ்வளவு கே.வி. வேணும், தொடர்ந்து வேணுமா விட்டு விட்டு வேணுமா, அதைச் சொல்லுங்க" என்றார். நான் இந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் போடுவதற்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

நான்கு எல்.ஓ.டி. எடுத்து வைத்தார். ஒன்றின் பிசின் மேல் முடி அளவு விரிசல். அதை அவரே ஒதுக்கினார். மற்றொன்றின் வெளியே தெரிகிற ஃபெரைட் கோரில் ஐந்தும் ஐந்துமாகப் பத்துச் சுற்று தடித்த ஒயரைச் சுற்றினார். தன்னிடமிருந்த 12 வோல்ட் டிரைவர் போர்டில் மாட்டி, எல்.ஓ.டி.யின் உயர் மின்னழுத்த ஒயரை மரக்குச்சியில் கட்டி அடியிலுள்ள பின்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். எந்தப் பின்னுக்குப் பொறி நீளமாகவும் திடமாகவும் பாய்கிறதோ அதுதான் எதிர்முனை. அந்தப் பின்னில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தார். இவ்வளவும் செய்தபோது அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. எல்.ஓ.டி. 350 ரூபாய், டிரைவர் போர்டு 450. போர்டு இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஓட்டிக் காட்டிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

வீட்டில் அமைப்பு இப்படி. அடியில் ஒரு அலுமினியத் தாள், அதன் மேல் இரண்டு ஓ.எச்.பி. ஷீட், அதன் மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியத் தாள். இவை சேர்ந்ததுதான் கெப்பாசிட்டர். நடுவில் இரண்டு ஆங்கிளும் எதிரெதிரே, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில். மேல் தாள் இரண்டையும் ஒரு சின்னச் சுருள் இணைக்கும், இரண்டும் ஒரே அளவுக்கு நிரம்பும். ஒரு பக்கத் தாளிலிருந்து அடித்தாளுக்கு இரண்டு போல்ட் வைத்து ஸ்பார்க் கேப், அதாவது பொறி பாய்வதற்கான இடைவெளி. அது வெடிக்கும் கணத்தில் அந்தப் பக்கத்து மின்னழுத்தம் சரிந்துவிடும். இந்த வேகத்துக்குச் சுருள் ஈடுகொடுக்க முடியாது. இன்னொரு பக்கத்து அழுத்தம் முழுவதும் நடு இடைவெளியில் வந்து விழும். அந்தக் கணத்தில்தான் லேசர்.

முதல் நாள் வெடிக்கவே இல்லை. 'உஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும். ஸ்பார்க் கேப்பைக் குறுக்கினேன், ஒயரை மாற்றினேன், பயனில்லை. மறுநாள் பாய்க்கு போன் போட்டேன். "நேத்து அங்க மழையா?" என்று கேட்டார். ஆமாம். "மழை நாள்ல டிவியும் இப்படித்தான் டீச்சர் இரையும். ரூம் லைட்டை அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் கண்ணு பழகட்டும். எங்க ஊதா தெரியுதோ அங்கதான் லீக்."

அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், நானும் அண்ணன் மகனும். "அத்தை, மூலையில பாருங்க" என்றான். தாளின் நான்கு மூலைகளிலும், கத்தரியால் வெட்டிய ஓரம் நெடுகிலும், ஊதா நிறத்தில் மெல்லிய ரோமம் போல் ஒளி. கூர்முனை உள்ள இடமெல்லாம் மின்னூட்டம் காற்றில் வழிந்துகொண்டிருந்தது. வகுப்பில் கூர்முனைச் செயல்பாடு என்று ஒரு வரியில் கடந்து போவேன். இனி அப்படிக் கடக்க மாட்டேன். மூலைகளை ஐந்து ரூபாய் நாணயம் வைத்து வட்டமாக வெட்டி, ஓரத்தை ஷீட்டின் விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஹேர் டிரையரால் எல்லாவற்றையும் காயவைத்தோம். உஸ்ஸ் நின்று, 'டப் டப்' என்று வெடிக்க ஆரம்பித்தது.

ஆனாலும் லேசர் இல்லை. ஆங்கிள்களுக்கு நடுவே ஒரே ஓரத்தில் வெள்ளையாக ஒரு தடித்த பொறி. அங்கே இடைவெளி குறைவு என்று அர்த்தம். மின்சாரம் முழுவதும் அந்த ஒரு வழியில் ஓடிவிட்டால் மீதி நீளம் சும்மா கிடக்கும். உப்புத்தாளால் ஆங்கிள் விளிம்பைத் தேய்த்தோம். விசிட்டிங் கார்டு நான்கை அடுக்கி அளவாக வைத்துக்கொண்டு, ஒரு முனையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினோம். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்து, பி.வி.சி. குழாயில் செருகிய கம்பியால் தாள்களைக் குறுக்கிணைத்துவிட்டுத்தான் கை வைத்தோம். இதில் சோம்பல் படாதீர்கள். ஏ4 அளவுத் தாளில் தேங்கியிருப்பதும் ஆளைத் தூக்கிப் போடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெள்ளைப் பொறி மறைந்து, ஆங்கிள் நெடுக ஊதாத் திரை ஒன்று விரிந்தது. முப்பது சென்டிமீட்டர் தள்ளி, அப்பாவின் துவைத்த வேட்டியை நாற்காலியில் போட்டிருந்தோம். அதில் நீலமாக, அரிசி அளவுக்கு ஒரு புள்ளி. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற பொருள் புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழ்கிறது. பொறியின் வெளிச்சமாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றைக் குறுக்கே பிடித்தேன். ஊதாத் திரை அப்படியே தெரிந்தது, புள்ளி மட்டும் காணாமல் போனது. எடுத்தேன், வந்தது. கற்றை கண்ணுக்குத் தெரியாது, ஆங்கிளின் இரண்டு முனையிலிருந்தும் புறப்படும். அதனால் அந்த வகைக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டுதான் நாங்கள் ஸ்விட்சையே தொட்டோம்.

கடையில் குறையும் உண்டு. தாங்கும் என்று சொல்லி அவர் கொடுத்த சிவப்பு ஒயர் தாங்கவில்லை. உறையைத் துளைத்துக்கொண்டு பொறி மேஜைக்குப் பாய்ந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பழைய பிக்சர் டியூபில் செருகுகிற ரப்பர் தொப்பியோடு வரும் ஒயரையே கேட்டு வாங்குங்கள், 40 ரூபாய். பில் கிடையாது. கூட்டம் இருக்கும்போது போனால் இந்தப் பொறுமையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. காலையில் கடை திறந்த கையோடு போவது நல்லது. வண்டி நிறுத்த இடமில்லை. மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடியிருக்கும். பள்ளிக்கு வைத்துக்கொள்ள இரண்டாவது எல்.ஓ.டி. வாங்கப் போனபோது வேட்டியில் விழுந்த புள்ளியின் வீடியோவைக் காட்டினேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நல்லதாக இன்னும் பதினொன்றுதான் இருக்கிறது, இனிமேல் புதிதாக வராது என்றார்.